மஞ்சள் கதவு எந்தப் பக்கம் திறக்கும்?

அத்தியாயம் 14

விடிந்ததிலிருந்து அந்த வீட்டுக்குக் கதவே இல்லை. முன்னால் ஒரு ஓட்டை, பின்னால் ஒரு ஓட்டை, பக்கத்துச் சுவரில் ஒரு ஓட்டை. காற்று முன்பக்கம் நுழைந்து, யாரையும் கேட்காமல் பின்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

பெரியவர் கூடத்து நடுவில் நாற்காலியைப் போட்டு, மூன்று ஓட்டையும் கண்ணில் படுகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். மடியில் டார்ச் லைட். பட்டப்பகலில் டார்ச் எதற்கு என்று அவர் வீட்டுக்காரி கேட்டதற்கு, அது வெளிச்சத்துக்கு இல்லை, எவனாவது நுழைந்தால் மண்டையில் போடுவதற்கு என்றார்.

முப்பத்தொரு வருடம் ஒரு வங்கி வாசலில் காவலுக்கு நின்ற மனிதர். அங்கே அவருக்கு வைத்த பெயர் ‘பூட்டு’. ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகியும் தெருவில் அந்தப் பெயர்தான் ஓடுகிறது. எதிர்வீட்டுப் பூனை மதில்மேல் நடந்தால்கூட எங்கிருந்து வருகிறது, எதற்கு வருகிறது என்று பார்க்கிற குணம். தப்பு என்று சொல்ல முடியாது. உலகம் அப்படி இருக்கிறது.

ஆனால் இன்றைக்கு அவர் அந்த நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்ததற்குக் காரணம் திருடன் இல்லை. அவர் செய்து வைத்த காரியம்.

மூன்று வெளிக்கதவும் கரையான் தின்று, தட்டினால் மாவு கொட்டுகிற கதிக்கு வந்துவிட்டன. மாற்றியே ஆகவேண்டும் என்றபோது மருமகள் தன் ஆசையைச் சொன்னாள். பழைய ஸ்கூட்டரும் உடைந்த பீரோவும் கிடந்த பக்கத்து அறையைக் காலி பண்ணி, அதில் குழந்தைகள் காப்பகம் வைக்கப் போகிறாள். ஏழு வருடம் யாருடைய காப்பகத்திலோ யாருடைய பிள்ளைகளுக்கோ மூக்குத் துடைத்துவிட்டது போதும், இனி சொந்தமாகத் துடைக்கிறேன் என்றாள். பழைய வேலையையும் விட்டாயிற்று. பேர்கூட அச்சடித்தாயிற்று: ‘மஞ்சள் கதவு’. ஒன்பது பெற்றோர் பேர் கொடுத்திருக்கிறார்கள். இன்று மாலை நான்கு மணிக்கு அனுமதி கொடுக்கிற அதிகாரி அம்மா வருகிறார். இன்று தவறினால் அவர் இந்தப் பக்கம் திரும்பி வர மூன்று மாதம் ஆகும். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் எந்தத் தாய் காத்திருப்பாள்?

இவ்வளவும் போன வாரமே தெரிந்த கதை. தெரியாதது ஒன்று உண்டு.

காப்பகத்து வெளிக்கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும் என்பது விதி. நெருப்பு, புகை என்று ஏதாவது ஆனால் பிள்ளைகள் கும்பலாய்க் கதவில் வந்து முட்டுவார்கள். வெளியே திறக்கிற கதவு என்றால் அந்த முட்டலிலேயே திறந்துவிடும். உள்ளே இழுக்கிற கதவு என்றால் அத்தனை பேரையும் பின்னால் தள்ளினால்தான் திறக்கும். நியாயமான விதிதான்.

பெரியவருக்கு அது நியாயமாகப் படவில்லை. வெளியே திறக்கிற கதவுக்குக் கீல் வெளியே இருக்கும். கீலுக்கு நடுவில் ஒரு கம்பி. ஒரு சுத்தியலும் ஒரு ஆணியும் இருந்தால் அந்தக் கம்பியைக் கீழிருந்து தட்டி எடுத்துவிடலாம். அப்புறம் எத்தனை பூட்டுப் போட்டிருந்தாலும் கதவு கையோடு கழன்று வரும். இதை மருமகளிடம் சொன்னார். விதி அப்படி மாமா, மாற்ற முடியாது என்றாள். விதி போடுகிறவன் வீட்டிலா திருடன் வரப்போகிறான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

மனதுக்குள் சொன்னதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. பத்து நாளைக்கு முன்னால், நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவர் நேராகக் கதவுப் பட்டறைக்குப் போனார். பழைய பில்லின் பின்பக்கம் எழுதிய ஒரு சீட்டைத் தச்சரிடம் நீட்டினார். பக்கத்துக் கதவு உள்பக்கம்தான் திறக்கணும், வீட்டில் முடிவு பண்ணியாச்சு என்று கோணல்மாணலாய் எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டிருந்தார். அம்மா வேற மாதிரி சொன்னாங்களே என்று தச்சர் இழுத்தார். அந்த அம்மாவுக்கு மாமனார் நான் என்று இவர் சொல்லிவிட்டு வந்தார்.

அதிகாரி என்றால் வந்து டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிற ஆள், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்றெல்லாம் எவன் பார்க்கப் போகிறான் என்பது அவர் கணக்கு. நேற்று மருமகள் அந்த அரசாங்கப் படிவத்தைச் சத்தமாகப் படித்தாள். முதல் கேள்வியே அதுதான். வெளிக்கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறதா? ஆம், இல்லை. பொருந்தாததை அடித்துவிடவும்.

அதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்பது மணிக்குத் தச்சர் வந்தார். ஒல்லியான ஆள், காதில் பென்சில், எதைக் கேட்டாலும் மில்லிமீட்டரில் பதில் சொல்வார். அதனால் இந்த வீட்டில் அவருக்குப் பேரே மில்லிமீட்டர்தான். அவர் கொண்டுவந்த ஸ்க்ரூ பொட்டலத்தைப் பெரியவர் வாங்கி, வழக்கம்போலப் பிரித்து எண்ணினார்.

“நாப்பத்தெட்டு இருக்கு.”

“நாப்பத்தெட்டுதான்யா சொன்னேன்.”

“சொன்னது சரி. இருக்கான்னு பாத்தேன்.”

தச்சர் ரசமட்டத்தை எடுத்துத் துடைத்தார். பெரியவர் அவரைத் தனியாகப் பிடித்து நாலு வார்த்தை பேசிவிடலாம் என்று எழுந்தார். அதற்குள் மருமகள் வந்துவிட்டாள். வீட்டுக்காரியும் வந்துவிட்டாள். இனி பேச வழியில்லை.

கூடத்தில் மூன்று கதவும் வரிசையாய்ச் சுவரில் சாய்ந்து நின்றன. மூன்று நாளாய் மாமியாரும் மருமகளும் ஸ்டூல்மேல் படுக்கப்போட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, அது காய்ந்ததும் மறுபடி தேய்த்து, வர்ணம் இரண்டு கை அடித்திருந்தார்கள். அடிப்பக்க விளிம்புகூட விடவில்லை; அங்கே விட்டால் தண்ணீர் ஏறும் என்று மில்லிமீட்டர் சொல்லியிருந்தார்.

வர்ணம் தேர்ந்தெடுத்த கதையைச் சொன்னால் அதுவே ஒரு அத்தியாயம் ஆகும். கடைக்காரன் சின்ன அட்டையில் காட்டுகிற வர்ணத்தை நம்பக்கூடாது என்று பெரியவர் சொன்னதை மருமகள் அப்படியே பிடித்துக்கொண்டாள். சின்னச் சின்ன டப்பாவாகப் பதினொரு வர்ணம் வாங்கி, பழைய கதவிலேயே பட்டை பட்டையாய் அடித்து, காலை வெயிலில், உச்சி வெயிலில், சாயங்கால நிழலில் என்று மூன்று வேளையும் பார்த்தாள். கதவு வரிக்குதிரை மாதிரி நின்றது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று ஓட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள். முன்கதவுக்கு மாமியார் ரத்தச் சிவப்பு கேட்டாள். போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கும் அத்தை என்று இவள் சொல்லி, கடைசியில் இருவரும் சேர்ந்து பேனா மை மாதிரி ஒரு கருநீலத்தில் வந்து நின்றார்கள். பின்கதவுக்குச் சாம்பல். பக்கத்துக் கதவு வெளியே முட்டைக்கரு மஞ்சள், உள்ளே இளம்பச்சை. எந்தப் பக்கம் வெளி, எந்தப் பக்கம் உள் என்று தச்சர் சாக்பீஸில் குறித்து அனுப்பியிருந்தார். அதைப் பார்த்துத்தான் அடித்தார்கள்.

முன்கதவு முதலில் ஏறியது. நிலையை நிறுத்தி, ரசமட்டம் வைத்து, சந்தில் ஆப்பு செருகி, நீளமான ஸ்க்ரூவைச் சுவருக்குள் இறக்கி, கீலில் கதவை மாட்டினார் மில்லிமீட்டர். ஒரு விரலால் தள்ளினார். அந்த நீலக் கதவு சத்தமில்லாமல் மிதந்து போய், ‘டக்’ என்று ஒரே ஒரு சொல் சொல்லி மூடிக்கொண்டது.

வீட்டுக்காரி வாயில் கை வைத்துக்கொண்டாள். முப்பது வருடமாய்த் தோளால் இடித்து மூடின வாசல் அது. தெருவுக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள், உள்ளே வந்து பார்த்தாள், மறுபடி வெளியே போய்க் கதவைத் தட்டி, யாருங்க வீட்டில் என்று கேட்டாள். உள்ளே இருந்து மருமகள், நீங்க யாருங்க, என்ன வேணும் என்றாள். இரண்டு பேரும் கதவுக்கு இரண்டு பக்கமும் நின்று சிரித்த சிரிப்பில் தச்சரும் சிரித்துவிட்டார். பெரியவருக்கும் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது.

நடுவில் மகன் போன் பண்ணினான். பேருந்து ஓட்டுகிறவன், இன்றைக்கு லீவு கேட்டும் கிடைக்கவில்லை என்று ஐந்து மணிக்கே கிளம்பிப் போயிருந்தான். ஆபீசர் வந்தாச்சா என்று கேட்டான். நாலு மணிக்குத்தானேடா, இப்போ பத்தரை என்று அம்மா சொன்னாள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பண்ணி அதையே கேட்டான். பொண்டாட்டி மேல் அவனுக்கு எவ்வளவு அக்கறை என்று வீட்டுக்காரி பெருமைப்பட்டுக்கொண்டாள்.

பின்கதவும் ஏறியது. மணி பன்னிரண்டு. தச்சர் பக்கத்து அறைக்குப் போனார். பெரியவர் பின்னாலேயே போனார்.

அந்த அறையைப் பார்த்தால் யாருக்கும் பிள்ளையாகிவிடலாம் போலிருக்கும். முழங்கால் உயரத்துக்கு மேசை, அதைவிடக் குட்டியாய் நாற்காலிகள், சுவர் ஓரமாய் ஒன்பது கொக்கி, ஒவ்வொரு கொக்கிக்கும் மேலே ஒரு பழத்தின் படம். எழுதத் தெரியாத பிள்ளை தன் பையை எந்தக் கொக்கியில் மாட்டுவது என்று படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுமாம். ஒன்பதும் மருமகள் வரைந்தது. பெரியவர் அதைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

கதவு ஏறியது. மருமகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முதல் தடவை தானேதான் திறக்கவேண்டும் என்று மாமியாரை ஓரம் நிற்கச் சொல்லிவிட்டு, ஒரு குழந்தை முட்டுகிற மாதிரி இரண்டு உள்ளங்கையையும் வைத்துத் தள்ளினாள்.

கதவு அசையவில்லை.

மறுபடி தள்ளினாள். தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று பார்த்தாள். அப்புறம் கைப்பிடியைப் பிடித்துத் தன் பக்கமாய் இழுத்தாள். கதவு சமர்த்தாய் உள்ளே வந்தது.

அவள் முகத்தில் ஈயாடவில்லை.

“என்ன பண்ணி வெச்சிருக்கீங்க,” என்றாள் தச்சரைப் பார்த்து. “எத்தன தடவ சொன்னேன். எழுதியே குடுத்தேனே.”

தச்சர் சட்டைப் பைக்குக் கையைக் கொண்டுபோனார். பெரியவர் ஓரடி பின்வாங்கினார். அந்தச் சீட்டு அங்கேதான் இருக்கும். கணக்கான ஆள், எதையும் தூக்கிப்போடாத ஆள். தச்சரின் கை பையின் மேலேயே ஒரு விநாடி நின்றது. அவர் பெரியவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கையைக் கீழே போட்டார்.

“என் தப்புதாம்மா,” என்றார். “மத்த ரெண்டும் உள்பக்கம், அதே ஞாபகத்துல செஞ்சிட்டேன். திருப்பி வெச்சிடறேன். நாலு மணிக்குள்ள ஆயிடும்.”

இங்கே ஒரு மனிதன் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. கால் வலிக்கிற மாதிரி முழங்காலைத் தடவிக்கொண்டு நின்றார்.

அதற்கப்புறம் நடந்தது வேலை இல்லை, போர். நிலையை அப்படியே கழற்றித் திருப்பிப் போட்டால் கதவு வெளியே திறக்கும். ஆனால் உள்பக்கம் வெளியே போய்விடும். தாழ்ப்பாள் தெருவில் இருக்கும். எவன் வேண்டுமானாலும் வெளியே நின்று பிள்ளைகளை உள்ளே போட்டுப் பூட்டலாம். அதைக் கழற்றி மறுபக்கம் போடவேண்டும், பழைய ஓட்டைக்குப் பட்டி அடைக்கவேண்டும். அதைவிடப் பெரிய கூத்து வர்ணம். மஞ்சள் உள்ளே போய், பச்சை தெருவைப் பார்க்கும். ‘மஞ்சள் கதவு’ என்று அச்சடித்து ஒன்பது வீட்டில் கொடுத்தாயிற்று, வாசலில் நிற்பது பச்சைக் கதவு.

மருமகள் அழுவாள் என்று மாமியார் நினைத்தாள். அவள் அழவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மஞ்சள் டப்பாவில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று திறந்து பார்த்தாள். பாதி இருந்தது. நல்ல வேளை, தண்ணீர் கலக்கிற சாதி. ஒரு மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாது. யார் யார் என்ன செய்வது என்று மடமடவென்று சொன்னாள். தச்சர் நிலை, அத்தை உப்புத்தாள், தான் பட்டி. மாமா உட்காரட்டும்.

“பிரஷ்ஷ எங்கிட்ட குடு,” என்றார் பெரியவர்.

“உங்களுக்கு முழங்கால் வலிக்குதே.”

“கை வலிக்கல.”

கதவை ஸ்டூல்மேல் படுக்கப்போட்டு, மேலிருந்து கீழே, நீட்டு நீட்டாய் அடித்தார். ஜன்னல் கிரில்லுக்குத் தவிர வாழ்நாளில் எதற்கும் வர்ணம் அடித்தவர் இல்லை. வீட்டுக்காரி பக்கத்தில் நின்று பாராட்டவேறு செய்தாள். மனுஷனுக்கு மருமகள் மேல் இவ்வளவு பாசம் இருக்கிறது, காட்டிக்கொள்ளத்தான் தெரியவில்லை என்றாள். அவர் தலையைத் தூக்கவே இல்லை. முதல் கை முடிந்ததும் மேசை விசிறி, நின்ற விசிறி, முறம் என்று வீட்டில் காற்று வருகிற எல்லாவற்றையும் கொண்டுவந்து கதவைச் சுற்றி வைத்தார்கள். தெருவில் ஓட்டுப் போட்டவர்களில் இரண்டு பேர் ஹேர் டிரையரோடு வந்து சேர்ந்தார்கள். அதில் ஒருத்தி தலைகூட இன்னும் ஈரம்.

இரண்டாவது கையும் அடித்து முடித்தபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. நிலை திரும்பி நின்றது. கதவை மாட்டுவதற்கு முன் தச்சர் யாரும் சொல்லாத ஒரு வேலை செய்தார். கீல் வருகிற விளிம்பில், மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என்று கட்டைவிரல் கனத்துக்கு மூன்று இரும்பு முளை அடித்தார். அதற்கு நேரே நிலையில் மூன்று குழி தோண்டினார். கதவை மாட்டி மூடினார். பிறகு பெரியவரை மட்டும் வெளியே கூப்பிட்டார். கையில் ஒரு சுத்தியலையும் ஆணியையும் கொடுத்தார்.

“கம்பிய எடுங்க.”

பெரியவர் மூன்று கீலின் கம்பியையும் கீழிருந்து தட்டி எடுத்தார். எவ்வளவு சுலபமாய் வந்துவிடும் என்று பத்து நாளாய்ப் பயந்தாரோ, அவ்வளவு சுலபமாய் வந்தது.

“இப்ப கதவ உருவுங்க.”

விளிம்பில் விரலைக் கொடுத்து, வர்ணம் படாமல் இழுத்தார். காலை உதைத்துக்கொண்டு இழுத்தார். கதவு அசையவில்லை. மூன்று முளையும் நிலைக்குள் போய் உட்கார்ந்து கவ்விக்கொண்டிருந்தன.

“கீலையே அறுத்தாலும் வராது,” என்றார் தச்சர். “அன்னைக்கே கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்பேன். நீங்க சீட்டக் குடுத்துட்டுக் கெளம்பிட்டீங்க.”

பெரியவர் கம்பிகளை ஒவ்வொன்றாய்த் திரும்பச் செருகினார். அந்த மனிதனுடைய ஸ்க்ரூவை அவர் காலையில் எண்ணியிருந்தார்.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அதிகாரி அம்மா வந்துவிட்டார். பருத்த உடம்பு, கையில் அட்டை, சிரிக்காத முகம். டீ வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கொக்கி எவ்வளவு உயரம் என்று அளந்தார். தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடினார். மின்சாரப் பிளக்கில் மூடி இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். மருமகள் கூடவே நடந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். அவள் கைகள் மட்டும் பின்னால் ஒன்றை ஒன்று பிசைந்துகொண்டிருந்தன. பெரியவர் அறைக்கு வெளியே நின்று அந்தக் கைகளையே பார்த்தார்.

கடைசியில் கதவு. அதிகாரி அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உள்ளே நின்று ஒரு முழங்கையால் லேசாக இடித்தார்.

கதவு வெளியே பறந்தது. சாயங்கால வெயில் அப்படியே அறைக்குள் விழுந்து, ஒன்பது பழத்தின் மேலும் பட்டது.

அதிகாரி வெளியே போனார். கதவை மூடுவதற்காக அதன் மேல் முழு உள்ளங்கையை வைத்துத் தள்ளினார். எடுத்துப் பார்த்தார். கை மஞ்சள்.

அந்த அம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கதவைப் பார்த்தார், அதில் ஐந்து விரலும் அச்சாய் விழுந்திருந்தது.

“எப்ப அடிச்சீங்க?”

“இன்னைக்கு மத்தியானம் மேடம்,” என்றாள் மருமகள். பொய் சொல்லத் தோன்றவில்லை அவளுக்கு.

“எனக்காகவா?”

“பிள்ளைங்களுக்காக மேடம். தெருக்கோடியிலேருந்தே இதுதான் நம்ம கதவுன்னு தெரியணும்.”

அந்த அம்மாவின் வாய் ஓரத்தில் ஏதோ ஓடியது. மஞ்சள் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் படிவத்தில் முதல் கேள்வியில் ‘இல்லை’ என்பதைக் கோடு போட்டு அடித்தார். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை ஆரம்பிக்கலாம், கைப்பிடி மட்டும் இன்னும் கொஞ்சம் கீழே இருக்கட்டும், இப்போது கை கழுவ இடம் காட்டுங்கள் என்றார்.

அவர் தெருமுனை திரும்புகிறவரை மருமகள் அடக்கி வைத்திருந்தாள். அப்புறம் மாமியாரைக் கட்டிப் பிடித்துத் தூக்கிவிட்டாள். மாமியார் லேசில் தூக்குகிற எடை இல்லை. ஹேர் டிரையர்காரிகள் கை தட்டினார்கள். கதவைத் திறந்தார்கள், மூடினார்கள், திறந்தார்கள். ஒன்பது பெற்றோருக்கும் போன் போனது. அந்த ஐந்து விரல் அச்சை அழிக்கவேண்டாம், அரசாங்க முத்திரை அது, அப்படியே இருக்கட்டும் என்று வீட்டுக்காரி சொல்ல, எல்லாரும் மறுபடி சிரித்தார்கள்.

தச்சர் ஓரமாய்க் கருவிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். மருமகள் அவரிடம் போனாள். சந்தோஷத்தில் இருந்தாலும் அவள் கணக்கை மறக்கிறவள் இல்லை. நேரத்துக்குத் திருத்திக் கொடுத்ததற்கு நன்றி சொன்னாள். ஆனால் அடுத்த வாரம் பேசியிருந்த அலமாரி வேலைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். கோபமாய்ச் சொல்லவில்லை. பிள்ளைகள் புழங்குகிற இடம், சொன்னது சொன்னபடி செய்கிற ஆள்தான் தனக்கு வேண்டும் என்றாள்.

தச்சர் தலையை ஆட்டினார். சரிம்மா என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். இந்தத் தடவை பெரியவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெரியவருக்கு அந்த நடையைப் பார்க்க முடியவில்லை.

“அவரு தப்பு இல்லம்மா,” என்றார்.

சிரிப்புச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னார். இப்போது மருமகள் திரும்பினாள்.

“நான் எழுதிக் குடுத்துதான் உள்பக்கம் வெச்சாரு. பட்டறைக்கே போய்க் குடுத்தேன். அவரு உன்கிட்ட சொல்லல. நானும் சொல்லல.”

ஹேர் டிரையர்காரிகள் நாசூக்காய் நகர்ந்துவிட்டார்கள். வீட்டுக்காரி தலையில் கை வைத்துக்கொண்டு அந்தக் குட்டி நாற்காலியில் உட்காரப் போய், அது கொள்ளாது என்று நின்றுகொண்டாள்.

“எதுக்கு மாமா?”

“கீல் வெளிய இருந்தா கம்பிய எடுத்துடுவான்.”

“அத என்கிட்ட சொன்னீங்க. நானும் பதில் சொன்னேன். பிடிக்கலன்னா என்கிட்ட சண்ட போட்டிருக்கலாம்ல.”

“சண்ட போட்டா நீ ஜெயிச்சிடுவ.”

அவள் ஓரடி முன்னால் வந்தாள். சிரிப்பா, அழுகையா, அடுத்த விநாடி கத்தப்போகிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. வங்கியில் முப்பத்தொரு வருடம் முகம் பார்த்த அனுபவம் அங்கே உதவவில்லை.

“இன்னைக்கு அந்தக் கதவு உள்பக்கமே நின்னிருந்தா,” என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. ஒன்பது கொக்கியையும் ஒரு தடவை பார்த்தாள். “அவர் இன்னும் தெருமுனை தாண்டியிருக்க மாட்டார். நீங்களே போய்ச் சொல்லி, நீங்களே கூட்டிட்டு வாங்க. அலமாரி அவர்தான் செய்யணும். உங்ககிட்ட நான் அப்புறம் பேசறேன்.”

பெரியவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார். முழங்கால் வலிப்பதாய்ச் சொன்ன ஆள் ஓடுகிறதைப் பார்த்துத் தெருவே திரும்பியது.

இரும்புக் கடை முன்னால் தச்சர் தன் வண்டியில் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். பெரியவர் மூச்சு வாங்க நின்றார். சொல்லிவிட்டேன் என்றார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், உன்னைக் கூப்பிடுகிறாள், அலமாரி உனக்குத்தான் என்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வராது. அதற்குப் பதிலாய்க் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

தச்சர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“எதுக்குய்யா சொன்னீங்க. நல்லாத்தான முடிஞ்சுது.”

“நீ ஏன் சொல்லல? சீட்டு கையில இருந்துதே.”

“உங்க வீட்டு விஷயத்துல வாயத் தெறக்கறதில்லன்னு இருந்தேன். ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர் வந்து மாத்தறதே அங்க வழக்கமாப் போச்சு.”

“நான் ஒரு தடவதான மாத்தினேன்.”

“நீங்க ஒரு தடவ.” தச்சர் இரும்புக் கடைக்காரர் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினார். “நீங்க வந்ததுக்கு ரெண்டு நாள் முன்னாடி உங்க பையன் பட்டறைக்கு வந்தாரு.”

பெரியவரின் கை கயிற்றிலேயே நின்றது.

“பக்கத்துக் கதவ மட்டும் செய்யாதீங்கன்னாரு. மரம் வரல, வரலன்னு சொல்லி ஒரு மாசம் இழுங்க, ஆபீசர் வர்ற தேதி போயிடட்டும்னாரு. மரம் பட்டறையில கண்ணெதிர கெடக்கு, இல்லன்னு எப்படிச் சொல்றது? முடியாதுன்னுட்டேன்.”

“ஏன்னு கேட்டியா?”

“கேட்டேன். இப்ப சொல்ல முடியாது, வீட்ல யாருக்கும் தெரிய வேணாம்னாரு. அழுத முகம்யா அது. அதுக்கு மேல நான் கேக்கல.”

தெருவில் நூறு அடி தள்ளி, மஞ்சள் கதவு விரியத் திறந்து கிடந்தது. அதன் நடுவில் மருமகள் நின்றுகொண்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டி அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இவ்வளவு தூரத்திலும் அவள் சிரிப்பது தெரிந்தது.

பெரியவர் பெட்டியை வண்டியிலிருந்து இறக்கினார். ஒரு பக்கக் கைப்பிடியைத் தான் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தைத் தச்சரிடம் கொடுத்தார். வீடு போய்ச் சேர இன்னும் நூறு அடி. அதற்குள் என்ன சொல்வது, சொல்வதா வேண்டாமா என்று முடிவு பண்ணியாக வேண்டும். அவர் மெதுவாக நடந்தார்.